“கோப்பு ஏற்கெனவே இருக்கிறது” என்றால் மேலெழுதிவிடலாமா?

22 ஜூன் 2025, ஒரு வாசகர் கேட்டது

ஆர்ச் லினக்ஸைப் புதுப்பிக்கப் போனேன். எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, “லினக்ஸ்-ஃபர்ம்வேர்-என்விடியா: /யூஎஸ்ஆர்/லிப்/ஃபர்ம்வேர்/என்விடியா/ஏடி103 ஏற்கெனவே இருக்கிறது” என்று ஒரு வரி. அதேபோல ஏடி104, ஏடி106, ஏடி107. கடைசியில், பிழைகள் நேர்ந்தன, எந்தப் பொதியும் (மென்பொருள் மூட்டை) மேம்படுத்தப்படவில்லை என்று கையை விரித்துவிட்டது. இருக்கும் கோப்பின் மேலேயே எழுதும் ஓவர்ரைட் விருப்பத்தைக் கொடுத்தால் தீர்ந்தது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

22 ஜூன், இரவு 9.40

கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் இந்த இடத்தில் பலிக்காது. அடைவு (ஃபோல்டர்) இருக்கும் இடத்தில் கோப்பை வைக்க ஓவர்ரைட் விடாது என்று ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேனின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இங்கே நடப்பது அதுதான்: பழைய பொதியில் ஏடி103 ஓர் அடைவு, புதியதில் அதே பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி. அடைவுக்குள் வேறு யாராவது எதையாவது போட்டு வைத்திருக்கலாம் என்பதால் பேக்மேன் அதைத் தானாகப் பிடுங்கி எறியாது.

வழி, ஆர்ச் தளத்தின் முகப்பில் நேற்றே வந்துவிட்டது. இரண்டு கட்டளைகள். முதலில் பேக்மேன், பெரிய ஆர், இரண்டு டி கொடுத்து லினக்ஸ்-ஃபர்ம்வேரை, அதை நம்பியிருக்கும் பொதிகளைப் பார்க்காமல் நீக்குங்கள். அடுத்து வழக்கமான முழுப் புதுப்பிப்புக் கட்டளையின் வாலில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மறுதொடக்கம் கூடாது. மடிக்கணினியின் மூடியைக்கூட மூடாதீர்கள். காபி குடிக்கப் போவதென்றால் இரண்டாவது கட்டளை முடிந்த பிறகு போங்கள்.

22 ஜூன், இரவு 10.05

“என் கணினியில் என்விடியா அட்டையே இல்லையே” என்று அடுத்து கேட்பீர்கள். என்னிடமும் இல்லை, ஆனாலும் அதே நான்கு வரிகள் வந்தன. இதுவரை லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் சில்லுகளை இயக்கும் உள்மென்பொருளைச் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டை. 20250613 பதிப்பில் அதை நிறுவனவாரியாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் இருப்பது உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுப் பொதி, மற்றவற்றைக் கூட்டி வருவது மட்டும் அதன் வேலை. அதே நேரத்தில் என்விடியா கோப்புகளின் அடுக்குமுறையும் மூலத்திலேயே மாறியது. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததால் வந்த வினை.

24 ஜூன்

முந்தாநாள் ஏன் அவ்வளவு பதற்றமாக எழுதினேன் என்று திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. காரணம் 2012 ஜூலை.

அப்போது ஆர்ச்சில் /லிப் என்ற அடைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் /யூஎஸ்ஆர்/லிப் அடைவுக்கு ஒரு சிம்லிங்க் வைத்தார்கள். பழைய /லிப் அடைவுக்குள் வேறு பொதியின் கோப்பு ஒன்று மிச்சமிருந்தாலும், ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடித்தளமான ஜிலிப்சி பொதி ஏறாது, “/லிப் ஏற்கெனவே இருக்கிறது” என்று நிற்கும். முதலில் ஜிலிப்சியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் புதுப்பியுங்கள், பிறகு அதைப் புதுப்பியுங்கள், எக்காரணம் கொண்டும் ஃபோர்ஸ் (ஓவர்ரைட்டின் முன்னோடி) கொடுக்காதீர்கள் என்று அறிவிப்பு சொன்னது. அறிவிப்பைப் படிக்கும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை. ஃபோர்ஸ் கொடுத்தேன்.

புதுப்பிப்பு பாதியில் நின்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டினேன். அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்றது. நகலெடுக்கும் சிபி? இல்லை. நகர்த்தும் எம்வி? இல்லை. பேக்மேன்? அதுவும் இல்லை. கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை ஓட்டித் தரும் லோடர்தான் பழைய இடத்தில் இல்லாமல் போயிருந்தது. எழுத்தைத் திரும்பக் காட்டும் எக்கோவும் அடைவு மாற்றும் சிடியும் மட்டும் வேலை செய்தன, ஏனென்றால் அவை நம் கட்டளைகளை வாங்கும் ஷெல்லின் வயிற்றுக்குள்ளேயே இருப்பவை. எக்கோ போட்டு நட்சத்திரக் குறி கொடுத்தால் அடைவில் உள்ள பெயர்கள் வரும் என்பதை அன்று இரவுதான் கண்டுபிடித்தேன். ஊர் தெரிகிறது, உள்ளே போக வழியில்லை.

மறுநாள், வட்டிலிருந்தே லினக்ஸை ஓட்டும் ஒரு லைவ் சிடி குறுந்தகட்டைத் தேடிப்பிடித்து, வட்டை ஏற்றி, மிச்சக் கோப்புகளைக் கையால் நகர்த்தி, சிம்லிங்க்கைக் கையால் வைத்து மீட்டேன். கல்லூரித் திட்ட அறிக்கை உள்ளே இருந்தது என்பதால் கை நடுங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் /பின், /எஸ்பின் எல்லாவற்றையும் /யூஎஸ்ஆர்/பின் அடைவுக்குள் சேர்த்தபோது அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொட்டேன்.

26 ஜூன்

யாருடைய கோப்பு என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பேக்மேனில் பெரிய க்யூ, சின்ன ஓ, பிறகு கோப்பின் முழுப்பாதை. இன்னொரு லினக்ஸான டெபியனின் குடும்பத்தில், அதன் பொதிக் கருவியான டிபிகேஜியும் பெரிய எஸ்ஸும். நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதுபோல, மேலெழுத நினைப்பதற்கு முன் இதை ஒரு முறை கேட்டுவிடுங்கள். இன்னொரு பொதியின் பெயர் வந்தால் அது பொதி கட்டியவர்கள் தீர்க்க வேண்டிய சண்டை. யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பை அங்கே கொண்டுவந்து வைத்தவர் நீங்களேதான்.

3 ஜூலை

“நானா வைத்தேன்? நான் எதையும் வைக்கவில்லை” என்கிறார் முதலில் கேள்வி கேட்டவர். (ஃபர்ம்வேர் பிரச்சினை தீர்ந்ததாம். இப்போது பைத்தான் கோப்புகளில் அதே செய்தி. மனிதருக்கு நேரம் சரியில்லை.)

சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப்பை ஓட்டினீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆர்ச்சில் நிர்வாகி உரிமையோடு பிப் ஓட்டினால், பேக்மேன் தன் பைத்தான் பொதிகளை வைக்கும் அதே அடைவில் பிப்பும் கொண்டுபோய்க் கொட்டும். பேக்மேனின் பதிவேட்டில் அது ஏறாது. ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ மென்பொருளுக்குத் தேவை என்று ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் பொதி வரும். அங்கே ஏற்கெனவே ஒரு ரிக்வெஸ்ட்ஸ் காலை நீட்டிப் படுத்திருக்கும். டெபியனில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே பிப் /யூஎஸ்ஆர்/லோக்கல் பக்கம் ஒதுங்கிவிடும். தீர்வு எளிது: எதை வைத்து நிறுவினீர்களோ அதை வைத்தே நீக்குங்கள், பிறகு பேக்மேன் வரட்டும்.

இப்போதெல்லாம் பிப் தானே மறுத்துவிடுகிறது, இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று. டெபியனில் அது 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து. அதையும் மீற ஒரு விருப்பம் உண்டு. அதன் பெயரே “பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்”. உடைக்கிறேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு உடைக்க வேண்டும். இவ்வளவு நேர்மையான பெயரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

11 ஜூலை

வெட்கத்தோடு ஒரு திருத்தம். ஓவர்ரைட் கொடுக்காதீர்கள் என்று ஜூன் 22 அன்று முழங்கினேன் அல்லவா? நேற்று நானே கொடுத்தேன்.

நடந்தது இது. மடிக்கணினியின் மின்கம்பி சுவரில் செருகியிருந்தது, சுவிட்சைப் போடவில்லை. புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கலம் தீர்ந்து அணைந்தது. மறுபடி எழுப்பிப் புதுப்பித்தால், முதலில் பேக்மேனின் பூட்டுக் கோப்பு தடுத்தது. வேறெந்தப் பேக்மேனும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கினேன். அடுத்து, திரை கொள்ளாத அளவுக்கு “ஏற்கெனவே இருக்கிறது” வரிகள்.

கோப்புகள் வட்டில் விரிந்துவிட்டன, பதிவேட்டில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆகவே அவை பேக்மேனே வைத்தவை, ஆனால் பேக்மேனுக்கே அடையாளம் தெரியவில்லை. சொந்தக் குழந்தையைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது.

வரிகளை ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு பாதைக்கும் உரிமையாளர் யார் என்று கேட்டேன். ஒன்றுக்குக்கூட உரிமையாளர் இல்லை. எல்லாம் ஒரே பொதியின் அடைவுகளுக்குள் இருந்தன. அந்த அடைவுகளை மட்டும் ஓவர்ரைட்டுக்கு எல்லையாகக் கொடுத்து முடித்தேன். பழைய ஃபோர்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அந்த எல்லைதான். 2018இல் பேக்மேன் 5.1 வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மிதிக்கிற ஃபோர்ஸை ஓரங்கட்டி, எந்தெந்தப் பாதை என்று சொல்லச் சொல்லும் ஓவர்ரைட்டைக் கொண்டுவந்தார்கள். வெறும் நட்சத்திரக் குறியை எல்லையாகக் கொடுத்தால் பழைய ஃபோர்ஸேதான். முடிந்ததும் பெரிய க்யூ, இரண்டு கே கொடுத்து எல்லாப் பொதிகளையும் சரிபார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.

12 ஜூலை

ஆம், சுவிட்ச். போதும், சிரித்தது.

19 ஜூலை

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் பெரியது. டெபியனில் டிபிகேஜி பெரிய எஸ் கொடுத்தால் உரிமையாளர் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுப் படங்களும் காப்புப் பிரதிகளும் இருக்கும் டெபியன் 12 கணினியில் விளையாட்டாக, /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் யாருடையது என்று கேட்டேன். அப்படி ஒரு பாதை எந்தப் பொதியிலும் இல்லை என்றது. எல்எஸ் கட்டளைக்கே சொந்தக்காரர் இல்லை! ஒரு கணம் 2012 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

விஷயம் என்னவென்றால், டெபியன் 12இல் /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின் அடைவைக் காட்டும் சிம்லிங்க்தான். ஆனால் எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளைக் கொண்ட கோர்யூட்டில்ஸ் பொதிக்குள் அந்தக் கோப்பின் பெயர் பழையபடி /பின்/எல்எஸ் என்றே எழுதியிருக்கிறது. டிபிகேஜி பெயரைத்தான் பார்க்கும். இரண்டு பெயரும் ஒரே இடம் என்பது அதற்குத் தெரியாது. /பின்/எல்எஸ் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது.

நகைச்சுவையாகத் தெரிந்தாலும் இதற்குள் ஒரு நிஜமான ஆபத்து இருந்தது. ஒரு பொதி /லிப் அடைவுக்குள் ஒரு கோப்பை வைக்கிறது. அந்தக் கோப்பை இன்னொரு பொதிக்கு மாற்றுகிறார்கள், மாற்றும்போதே பாதையையும் /யூஎஸ்ஆர்/லிப் என்று ஆக்குகிறார்கள். புதிய பொதி முதலில் விரிகிறது, கோப்பை வைக்கிறது. பெயர் வேறு என்பதால் டிபிகேஜி மோதல் என்று சொல்லாது. அடுத்து பழைய பொதியின் புதிய பதிப்பு விரிகிறது. தன் பட்டியலில் இனி /லிப் கோப்பு இல்லை என்பதால் அதை அழிக்கிறது. அழிந்தது எது? புதிய பொதி இப்போதுதான் வைத்துவிட்டுப் போன அதே கோப்பு. ஒரு பிழைச் செய்தியும் வராது, கோப்பு மட்டும் இருக்காது.

இதற்காகத்தான் டெபியன் 12 வெளியாகும் வரை கோப்புகளை இப்படி இடம் மாற்றுவதற்குத் தடை போட்டு வைத்திருந்தார்கள். வெளியான பிறகு, ஒவ்வொரு பொதியாக எடுத்து, பொதிக்குள் இருக்கும் பாதைகளையே /யூஎஸ்ஆர் பக்கம் மாற்றும் வேலை தொடங்கியது. ஆர்ச்சில் ஓராண்டுக்குள், கொஞ்சம் ரத்தம் சிந்தி முடித்ததை டெபியன் பல ஆண்டுகள் இழுத்தது என்று நான் முன்பு கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கிண்டலைத் திரும்பப் பெறுகிறேன். “ஏற்கெனவே இருக்கிறது” என்று கத்துகிற கருவியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கத்தாத கருவி என்ன செய்யும் என்று இப்போதுதான் புரிகிறது.

27 ஜூலை

அக்கா மகன் தொலைபேசியில்: “மாமா, நோட் நிறுவ முடியவில்லை. ஃபோர்ஸ் கொடுத்துவிடட்டுமா?”

“கை வைக்காதே. வருகிறேன்.”

டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு 22.04. நோட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள். அதன் சொந்தக் களஞ்சியத்தில் இருந்த நோட் 12 பழையது என்று, வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்துப் புதியதை நிறுவப் போயிருக்கிறான். /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/நோட் அடைவில் உள்ள காமன்.ஜைப்பி கோப்பை மேலெழுதப் பார்க்கிறது, அது லிப்நோட்-டெவ் பொதியிலும் இருக்கிறது என்று டிபிகேஜி நின்றுவிட்டது. உபுண்டு நோட்டைப் பல துண்டுகளாகக் கட்டுகிறது. வெளியார் பொதி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. மூட்டைக்குத் துண்டு தடை. லிப்நோட்-டெவ் பொதியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினோம், இரண்டு நிமிட வேலை.

ஆனால் அவன் அதற்குள் அரை மணி நேரம் வீணடித்திருந்தான். உடைந்ததைச் சரிசெய்யும் ஆப்ட் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறான். அது அதே பொதியை நிறுவப் போய் அதே சுவரில் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இது டிபிகேஜியின் சுபாவம்: பொதிகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போகும், மோதல் வரும்போதுதான் நிற்கும், அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். பேக்மேன் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு, ஒன்று சரியில்லை என்றாலும் எதையுமே தொடாது. எந்தப் பொதியும் மேம்படுத்தப்படவில்லை என்ற அந்த எரிச்சலூட்டும் வரிக்கு உண்மையில் நன்றி சொல்ல வேண்டும்.

ஃபோர்ஸ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் கேட்டான். ஒரே கோப்பு இரண்டு பொதிகளின் பட்டியலிலும் உட்கார்ந்திருக்கும். அடுத்த புதுப்பிப்பில் சண்டை மறுபடி எழும். அப்போதும் மாமாவைத்தான் கூப்பிடுவாய் என்றேன்.

28 ஜூலை

நோட் என்றதும் நினைவுக்கு வருகிறது, கொஞ்சம் திசை மாறுகிறேன்.

டெபியனில் அந்தப் பெயருக்கே முன்பு ஒரு வழக்கு நடந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்களின் நோட் என்ற நிரல் டெபியனில் நெடுங்காலமாக இருந்தது. பிறகு ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் நோட் வந்தது. ஒரே பெயரில் வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்களை இரண்டு பொதிகள் வைக்கக்கூடாது என்பது டெபியனின் விதி. விவகாரம் தொழில்நுட்பக் குழுவரை போய், 2012இல் தீர்ப்பு வந்தது: வானொலி நிரல் பெயர் மாற வேண்டும், புதியது நோட்ஜேஎஸ் என்ற பெயரில் இருக்கட்டும், நோட் என்றே வேண்டுவோருக்குத் தனியாக ஒரு சிறிய பொதி. “நோட் என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை” என்று பல ஆண்டுகள் ஆட்கள் புலம்பியது இதனால்தான்.

கிட்டுக்கும் இதே கதை. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும், நாம் அறிந்த கிட் வருவதற்கு முன்பே கிட் என்ற பெயரில் வேறொரு பொதி டெபியனில் குடியிருந்ததால், நம்முடையது நெடுநாள் கிட்-கோர் என்றே அழைக்கப்பட்டது. இன்றைக்கும் கோப்பைத் திரையில் காட்டும் பேட் நிறுவினால் பேட்கேட் என்றுதான் தட்ட வேண்டும், பாகுலா என்ற காப்புப் பிரதி மென்பொருளின் ஒரு பொதி அந்தப் பெயரை முன்பே வைத்திருக்கிறது. கோப்பு தேடும் எஃப்டி நிறுவினால் எஃப்டிஃபைண்ட். முன்னால் வந்து துண்டு போட்டவருக்கே இருக்கை.

2 ஆகஸ்ட்

ஃபெடோராக்காரர் ஒருவர், எங்களை மறந்துவிட்டீர்களே என்கிறார். மறக்கவில்லை, நான் அதிகம் ஓட்டியதில்லை. ஃபெடோரா லினக்ஸின் பொதிக் கருவியான ஆர்பிஎம்மில் ஒரு நல்ல சலுகை உண்டு: இரண்டு பொதிகள் ஒரே பாதையில் ஒரே கோப்பை வைத்தாலும், உள்ளடக்கம் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருந்தால் சண்டையே இல்லை, கூட்டுப் பட்டா. ஒரு பைட் மாறினாலும் போச்சு. அதுவும் பேக்மேன்போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் தொடங்கும்.

5 ஆகஸ்ட்

ஜூன் 26 அன்று “பொதி கட்டியவர்கள் தீர்க்க வேண்டிய சண்டை” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். எப்படித் தீர்ப்பார்கள் என்று கேட்கிறார்கள்.

டெபியனில் ஒரு கோப்பு அ என்ற பொதியிலிருந்து ஆ என்ற பொதிக்குப் போகிறது என்றால், ஆ தன் குறிப்பில் இரண்டு வரிகள் எழுத வேண்டும்: அ பொதியின் இன்ன பதிப்புக்கு முந்தையவற்றோடு எனக்கு ஒத்துவராது, அவற்றின் கோப்புகளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. பிரேக்ஸ், ரிப்ளேசஸ். இரண்டும் இருந்தால் டிபிகேஜி அமைதியாகக் கோப்பின் உரிமையைப் பெயர் மாற்றிக் கொடுத்துவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. எழுத மறந்தால் நம் திரையில் அந்தச் செய்தி. மறந்ததைப் பிழை என்று பதிவுசெய்தால் அதைத் தீவிரமான பிழையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஃபோர்ஸ் கொடுக்கும் நேரத்தில் பிழைப் பதிவை எழுதுங்கள், பாதையும் இரண்டு பொதிகளின் பதிப்பு எண்ணும் போதும். நான் ஒரு முறை எழுதினேன். எனக்கு முன்பே வேறொருவர் எழுதியிருந்தார், என்னுடையதை அதோடு இணைத்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

17 ஆகஸ்ட்

டெபியன் 13 கடந்த 9ஆம் தேதி வந்துவிட்டது. நேற்று மாலை வீட்டுக் கணினியை அதற்கு ஏற்றினேன். காப்புப் பிரதி இரண்டு, லைவ் யூஎஸ்பி ஒன்று, மின்கம்பியின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாயிற்று. இத்தனை நாள் இங்கே வக்கணையாக எழுதியதற்குத் தண்டனையாக ஒரு மோதலாவது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி: எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? இது வேறு வகை, பொதிகளுக்குள் சண்டை இல்லை, எனக்கும் பொதிக்கும் நடுவே. டி அழுத்தி வேறுபாட்டைப் பார்த்தேன். “பிறகு இதைச் சரிசெய்ய வேண்டும்” என்று 2019இல் நான் எழுதிய குறிப்பு அப்படியே கிடந்தது. என்னுடையதையே வைத்துக்கொண்டேன். இன்னும் சரிசெய்யவில்லை.

மறுதொடக்கம் செய்து உள்ளே நுழைந்ததும் ஜூலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் யாருடையது?

கோர்யூட்டில்ஸ் என்றது.